விரைந்து வரும் தவறான விடை
தொண்டர் கணிப்பும் கிராபிக்ஸ் கார்ட்டுகளும்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகின் பெரும்பகுதி கதவடைத்து வீட்டுக்குள் இருந்த வேளையில், பல இலட்சம் வீட்டுக் கணனிகள் ஓய்வின்றி உழைத்துக் கொண்டிருந்தன. கொரோனா வைரஸின் புரதங்கள் எவ்வாறு மடிகின்றன, எவ்வாறு அசைகின்றன, எந்த இடத்தில் ஒரு மருந்து மூலக்கூறு போய் ஒட்டிக்கொள்ளக் கூடும் என்பவற்றை அவை கணக்கிட்டன. 'போல்டிங் அற் ஹோம்' என்னும் அத்திட்டத்தின் கூட்டு வேகம் அம்மாத இறுதியில் ஓர் எக்ஸாபுளொப்பைத் தாண்டியது. அதாவது ஒரு செக்கனுக்குச் செய்யப்படும் கணக்குகளின் எண்ணிக்கையை எழுத, ஒன்றின் பின்னால் 18 பூச்சியங்கள் வேண்டும். உலகின் எந்த மீக்கணனியும் அப்போது அந்த அளவை எட்டியிருக்கவில்லை. அமெரிக்காவின் 'புரொண்டியர்' அதனை எட்டியது 2022 ஆம் ஆண்டிலேயே ஆகும்.

இந்த வேகத்தின் பெரும் பங்கு கிராபிக்ஸ் கார்ட்டுகளிலிருந்து வந்தது. எமது கடைகளில் 'வீஜிஏ கார்ட்' என்று கேட்டு வாங்கப்படும் அதே பொருள்தான். விளையாட்டுக்காக வாங்கப்பட்ட ஒரு பொருள், விஞ்ஞானத்துக்காக இரவு பகலாக உழைக்கும்போது பிழை விடுகிறது. அப்பிழைகள் எவ்வாறு நேர்கின்றன, கணனியை இரவல் கொடுத்த தொண்டர் அவற்றை எவ்வாறு கண்டுபிடித்துத் திருத்தலாம் என்பனவே இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம்.

தொண்டர் கணிப்பு என்பது புதிதன்று. மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் 'ஜிம்ப்ஸ்' திட்டம் 1996 இல் ஆரம்பமானது. வேற்றுலக உயிரினங்களின் வானொலிச் சமிக்ஞைகளைத் தேடிய 'செட்டி அற் ஹோம்' 1999 மே மாதம் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2020 மார்ச் 31 ஆம் திகதி புதிய பணிகளை அனுப்புவதை நிறுத்திக் கொண்டது. அதே பல்கலைக்கழகத்தில் உருவான 'பொயின்க்' என்னும் மென்பொருளின் மீதே இன்று இத்தகைய திட்டங்கள் பலவும் இயங்குகின்றன. ஏற்பாடு எளிமையானது. பெரிய கணக்கைச் சிறு சிறு பொதிகளாகப் பிரித்து இணையத்தின் வழியாக அனுப்புவார்கள். தொண்டரின் கணனி அதனைச் செய்து முடித்து விடையைத் திருப்பி அனுப்பும்.

போல்டிங் அற் ஹோம் 2006 ஆம் ஆண்டின் இறுதியில் கிராபிக்ஸ் கார்ட்டுக்கென ஒரு செயலியை வெளியிட்டது. கணனியின் மையச் செயலகம் சில கணக்குகளை மிக வேகமாக ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்; கிராபிக்ஸ் கார்ட்டோ ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும். ஒரு புரதத்தின் பல்லாயிரம் அணுக்கள் ஒன்றையொன்று இழுப்பதையும் தள்ளுவதையும் கணக்கிடுவதற்கு இரண்டாவது முறையே பொருத்தமானது. ஆனால் அக்கார்ட்டை வடிவமைத்தவர்களின் எண்ணத்தில் இருந்தது திரைப்படக் காட்சியும் விளையாட்டும் ஆகும். காட்சியில் ஒரு புள்ளி ஒரு கணம் நிறம் மாறினால் அதனைப் பார்ப்பவர் யாரும் இல்லை. கணக்கில் ஓர் இலக்கம் மாறினால் அதன்பின் வரும் அனைத்தும் மாறிவிடும்.

இப்பிழைகளை நாம் இரு வகையாகப் பார்க்கலாம். ஒன்று, சத்தமிட்டு விழும் பிழை. பணி இடைநடுவில் நின்றுவிடும். 'கணிப்புப் பிழை' என்ற செய்தி தோன்றும். சில வேளைகளில் திரை ஒரு கணம் கறுத்து மீளும். தொண்டருக்கு எரிச்சல் ஊட்டினாலும் இது நேர்மையான பிழை. பொதி தவறிவிட்டது என்பது திட்டத்துக்கு உடனே தெரிந்துவிடும். அதனை வேறொருவருக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றையது மௌனமான பிழை. கார்ட் எந்தக் குறையும் சொல்லாமல், உரிய நேரத்துக்கு முன்னரே கூட, ஒரு தவறான விடையைக் கொண்டுவந்து தரும். புள்ளிப் பட்டியலில் முன்னேறும் மகிழ்ச்சியில் இருக்கும் தொண்டர் அதனைக் கவனிப்பதே இல்லை.

இரண்டாவது வகை எவ்வளவு பரவலானது என்பதை 2010 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இம்ரான் ஹக், விஜய் பாண்டே ஆகியோர் கிராபிக்ஸ் கார்ட்டின் நினைவகத்தைச் சோதிக்கும் ஒரு மென்பொருளை எழுதி, போல்டிங் அற் ஹோம் தொண்டர்களின் பல்லாயிரம் கணனிகளில் ஓடவிட்டனர். ஆய்வுகூடத்தின் கட்டுப்பாடான சூழலில் சோதித்த கார்ட்டுகளில் பிழை எதுவும் தென்படவில்லை. தொண்டர்களின் வீடுகளில் சோதிக்கப்பட்டவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கார்ட்டுகள், சிறிய அளவிலேனும், நினைவகப் பிழையைக் காட்டின. மிகைவேகத்தில் ஓட்டப்பட்டவற்றையும் சூடேறியவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும் பிழை மறைந்துவிடவில்லை. கார்ட்டின் உள்ளமைப்பைப் பொறுத்தே அது பெரிதும் வேறுபட்டது. அக்காலத்து வீட்டுக் கார்ட்டுகளின் நினைவகத்தில் தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் வசதி இருக்கவில்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். ஆகவே நல்ல கடையில் நல்ல விலைக்கு வாங்கிய கார்ட் என்பதால் அது பிழை விடாது என்று எவரும் உறுதி கூற முடியாது.

திட்டங்களை நடத்துவோர் இதனை அறியாதவர்கள் அல்லர். பலர் பின்பற்றும் வழி, ஒரே பொதியை ஒருவரையொருவர் அறியாத இருவருக்கு அனுப்பி, இரு விடைகளும் ஒத்திருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்வது. 2010 ஆம் ஆண்டு 'ஐன்ஸ்டைன் அற் ஹோம்' திட்டத்தின் மூலம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை சுழலும் ஒரு துடிப்பு விண்மீன் கண்டுபிடிக்கப்பட்டபோது, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு வீட்டுக் கணனியும் ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் இன்னொரு கணனியும் அதே சமிக்ஞையைக் காட்டியிருந்தன. இரு கண்டங்களிலிருந்து வந்த இரு சாட்சியங்கள்.

ஆனால் சாட்சிகள் இருவரும் ஒரே விதமாகத் தவறினால் என்ன செய்வது? 2019 ஆம் ஆண்டின் இறுதியில் செட்டி அற் ஹோம் திட்டத்துக்கு நேர்ந்தது அதுவே. அவ்வாண்டு சந்தைக்கு வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 5700 வரிசைக் கார்ட்டுகள், அவற்றின் இயக்கு மென்பொருளில் இருந்த குறைபாட்டினால் தவறான விடைகளைத் தந்தன. ஒரே குறைபாடு, ஒரே தவறான விடை. இத்தகைய இரு கார்ட்டுகளுக்கு ஒரே பொதி போய்ச் சேர்ந்தபோது இரு விடைகளும் ஒத்துப்போயின. பிழை சரியென ஏற்கப்பட்டது. சரியான விடையைத் தந்த மூன்றாவது கணனி இருந்தாலும் அதுவே தவறென ஒதுக்கப்படும் நிலை. தவறான விடை விரைவாகவும் வந்ததால் இக்கார்ட்டுகள் மற்றையவற்றை விடக் கூடுதலான பொதிகளை விழுங்கின. விஞ்ஞானத் தரவுத்தளம் மாசடைகிறது என்ற எச்சரிக்கை அப்போது பகிரங்கமாகவே எழுந்தது. பெரும்பான்மை எப்போதும் உண்மையின் பக்கம் நிற்பதில்லை என்பதற்கு அரசியலுக்கு வெளியிலும் உதாரணங்கள் உண்டு போலும்.

போல்டிங் அற் ஹோமில் நிலைமை வேறு. அங்கு ஒரு பொதியின் முடிவே அடுத்த பொதியின் தொடக்கம். சங்கிலி போல் நீளும் அக்கணக்கை எல்லாம் இருமுறை செய்விப்பது வீண் செலவு. ஆகவே கார்ட் கணக்கிட்ட விசைகளை இடையிடையே மையச் செயலகத்தின் கணக்குடன் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வேறுபாடு அளவு கடந்தால் பணி கடைசியாகச் சேமித்த நல்ல நிலைக்குத் திரும்பிச் சென்று மீண்டும் தொடங்கும். அப்படியும் திருந்தாவிடின் பொதி கைவிடப்படும். ஜிம்ப்ஸ் திட்டத்திலோ கணக்கின் உள்ளேயே காவலை வைத்துவிட்டார்கள். றொபேர்ட் கேர்பிச் 2017 இல் முன்வைத்த சோதனை முறை, பல நாட்கள் நீளும் கணக்கில் எங்கேனும் ஓர் இலக்கம் பிசகினால் அதனை ஏறக்குறைய நிச்சயமாகப் பிடித்துவிடுகிறது. 2024 ஒக்டோபரில் கண்டறியப்பட்ட 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கொண்ட பகா எண், அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு கிராபிக்ஸ் கார்ட்டிலேயே முதலில் வெளிப்பட்டது. கிராபிக்ஸ் கார்ட்டை நம்பலாம். கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

இனி தொண்டரின் பக்கத்துக்கு வருவோம். பிழைச் செய்தி கண்டதும் கார்ட்டைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடுவதே எம்மவரின் வழக்கம். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. பொயின்க் திட்டங்களில் உங்கள் பொதியின் மறு பிரதிகள் மற்றையோரிடம் என்னவாயின என்பதைத் திட்டத்தின் கணக்குப் பக்கத்தில் காண முடியும். எல்லோரிடமும் அது விழுந்திருந்தால் குற்றம் பொதியினுடையது. நீங்கள் செய்யவேண்டியது எதுவுமில்லை. உங்களிடம் மட்டும் விழுந்திருந்தால்தான் தேடலைத் தொடங்க வேண்டும்.

அடுத்த தடயம், பணி எப்போது விழுகிறது என்பது. தொடங்கிய சில செக்கன்களிலேயே விழுமாயின் பெரும்பாலும் அது இயக்கு மென்பொருளின், அதாவது 'ட்ரைவரின்' கோளாறு. விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பிக்கும்போது, தயாரிப்பாளரின் ட்ரைவரை நீக்கிவிட்டுத் தன்னுடையதைப் போட்டுவிடுவதுண்டு. திரை வழமைபோல் ஒளிரும். ஆனால் கணிப்புக்குத் தேவையான 'ஓப்பன்சிஎல்' பகுதி அதில் இல்லாமற் போயிருக்கும். பழைய ட்ரைவரை அடியோடு நீக்கி, தயாரிப்பாளரிடமிருந்தே புதிதாகப் பெற்று நிறுவுவது இதற்குப் பரிகாரம். புதியது எப்போதும் நல்லது என்றும் இல்லை. 2012 இல் வெளியான சில என்விடியா ட்ரைவர்களில், திரை உறக்கநிலைக்குச் சென்றவுடன் கணிப்பு மென்பொருளின் கண்ணுக்குக் கார்ட்டே தெரியாமற் போனது. அப்போது முந்தைய பதிப்புக்குத் திரும்பியவர்களே தப்பித்தனர்.

கார்ட் இருந்தும் இல்லையென்று பொயின்க் சொல்லுமாயின், அது விண்டோஸின் பின்னணிச் சேவையாக நிறுவப்பட்டுள்ளதா என்று பாருங்கள். விஸ்டா பதிப்பு முதல் அவ்வாறு இயங்கும் மென்பொருளுக்குக் கார்ட்டைத் தொட அனுமதியில்லை. தொலைவிலிருந்து 'ரிமோட் டெஸ்க்டொப்' மூலம் கணனிக்குள் நுழைவதும் இதே தொல்லையைத் தரக்கூடும்.

நீங்கள் கணனியில் வேறு வேலை செய்யும்போது மட்டும் பணி விழுகிறதா? விண்டோஸில் ஒரு காவல்காரன் உண்டு. கிராபிக்ஸ் கார்ட் இரண்டு செக்கன்கள் பதிலளிக்காவிட்டால் அது செயலிழந்துவிட்டதென்று கருதி ட்ரைவரை மீளத் தொடக்கிவிடுவான். பெரிய கணக்கில் மூழ்கியிருந்த கார்ட் உயிரோடுதான் இருந்தது. ஆனால் செய்த வேலை போய்விடும். கணனி பாவனையில் உள்ளபோது கார்ட்டின் பணியை நிறுத்திவைக்கும் தெரிவு பொயின்க்கில் உள்ளது. காவல்காரனின் பொறுமையை நீட்டவும் வழி உண்டெனினும், விண்டோஸின் பதிவேட்டில் கைவைக்கப் பழக்கமில்லாதவர்கள் அதனைத் தவிர்ப்பதே நன்று.

நீண்ட நேரம் ஓடியபின் விழும் பணிகளும், முடிந்தபின் 'செல்லாதது' என்று திரும்பும் விடைகளும் பெரும்பாலும் சூட்டையும் வேகத்தையும் மின்வழங்கலையும் சுட்டுகின்றன. எமது நாட்டில் இதுவே முதன்மையாகக் கவனிக்கப்பட வேண்டியது என்பது எமது கருத்து. குளிரூட்டி இல்லாத அறை, வீதித் தூசு, கரையோரத்தின் ஈரக்காற்று ஆகியன குளிர்நாட்டுத் தொண்டர் அறியாதவை. எமது பாவனையில் இருந்த ஒரு கார்ட் வாரக்கணக்கில் செல்லாத விடைகளையே தந்துகொண்டிருந்தது. ட்ரைவரை மூன்று முறை மாற்றினோம். இறுதியில் மூடியைக் கழற்றியபோது விசிறிக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையே கம்பளம் போல் தூசு படிந்திருந்தது. ஒரு தூரிகையால் தீர்ந்த பிரச்சினை அது. வெப்பம் 80 பாகை செல்சியஸுக்குக் கீழே நிற்குமாறு பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது. மடிக்கணனிகளை இவ்வேலைக்கு ஈடுபடுத்தாதிருப்பதே மேல்.

கார்ட்டை மிகைவேகத்தில் ஓட்டுபவர்கள், விளையாட்டில் அது தடுமாறவில்லையே என்று வாதிடுவார்கள். விளையாட்டு ஒரு சோதனையன்று என்பதை மேலே கண்டோம். தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டி விற்கப்படும் கார்ட்டுகளும் உண்டு. அவற்றின் வேகத்தையும், குறிப்பாக நினைவகத்தின் வேகத்தையும், சற்றுக் குறைத்துப் பார்த்தால் பல வேளைகளில் பிழை நின்றுவிடும். மின்நுகர்வின் உச்சவரம்பைத் தாழ்த்துவது இன்னும் இலகுவானது. வேகம் சிறிதளவே குறையும், சூடும் மின்பட்டியலும் அதைவிடக் கூடுதலாகக் குறையும். மலிவான பவர் சப்ளை முழுச் சுமையில் தளர்ந்துபோவதும் உண்டு. அதனை ஐயுற்றால் கார்ட்டை நண்பர் ஒருவரின் கணனியில் பொருத்திப் பார்ப்பதே தெளிவான சோதனை. மின்சாரம் திடீரெனத் தடைப்படும்போது பணியின் இடைச்சேமிப்புக் கோப்பு சிதைந்துவிடலாம் என்பதை 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கடந்துவந்த எமக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்து பார்த்தும் பிழை தொடருமாயின் கார்ட்டைப் பணியிலிருந்து விலக்கி, மையச் செயலகத்தை மட்டும் இரவல் கொடுக்கலாம். தொடர்ந்து தவறும் கணனிக்கு நாளொன்றுக்கு அனுப்பும் பொதிகளைத் திட்டமே படிப்படியாகக் குறைத்துவிடும் என்றாலும், அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 'புதிய பணிகள் வேண்டாம்' என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு, வரிசையில் காத்திருக்கும் பொதிகளையும் முறைப்படி கைவிடுங்கள். மென்பொருளை வெறுமனே அழித்துவிட்டுப் போனால், தவணை முடியும்வரை அப்பொதிகளுக்காகத் திட்டம் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் காத்துக் கிடக்கும். முறைப்படி கைவிட்டால், தாமதமின்றி அவை இன்னொருவரின் கணனிக்குப் போய்ச் சேரும்.