16 - 8 - 2: ஒரு டாங்கியின் ஜாதகம்

'சிவிலைசேஷன் 3' விளையாட்டில் ஒரு டாங்கியின் ஜாதகம் மூன்று எண்களில் முடிந்துவிடும். தாக்குதல் 16, தற்காப்பு 8, நகர்வு 2. ஜெர்மனியாக ஆடுகிறவருக்கு மட்டும் இதற்குப் பதிலாக 'பான்சர்' கிடைக்கும். அதன் நகர்வு 3. மற்றபடி அதே வண்டிதான். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸின் ஃபிளெர் கிராமத்தருகே, மனிதன் நடக்கிற வேகத்தில் தள்ளாடி வந்த பிரிட்டனின் மார்க் 1-ம் அதே 16 - 8 - 2. 1944-ல் ஓடிய அமெரிக்காவின் ஷெர்மனும் அதே 16 - 8 - 2. ஆறாயிரம் ஆண்டு வரலாற்றை ஒரு கணினிக்குள் அடைக்க வேண்டியிருந்த ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. 2001-ல் விளையாட்டை வெளியிட்டபோது, விதிகளைத் திருத்தும் எடிட்டரையும் அவர்கள் கூடவே கொடுத்தார்கள். போதாது என்று நினைக்கிறவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம். இன்றுவரை செய்துகொண்டும் இருக்கிறார்கள்.

வேலை இரண்டு வகை. ஒன்று படம், இன்னொன்று விதி. படத்தில் உடம்பு நோகும். விதியில் மூளை நோகும்.

படத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் பிளெண்டர் மாதிரி ஒரு மென்பொருளில் டாங்கியை முப்பரிமாணத்தில் கட்ட வேண்டும். ஆனால் விளையாட்டுக்கு முப்பரிமாணம் தெரியாது. அதற்குத் தட்டையான படங்களின் வரிசைதான் வேண்டும். ஆகவே கட்டிய டாங்கியை எட்டுத் திசைகளிலிருந்து படமெடுக்கிறார்கள். ஒரு திசைக்கு 15 படம் என்று வைத்தால், டாங்கி ஓடுவதற்கு மட்டும் 120 படங்கள். நிற்க, சுட, அரண் பிடிக்க, எரிந்து சாக என்று ஒவ்வொன்றுக்கும் இப்படியே தனித்தனிக் கோப்பு. ஓடும்போது சங்கிலிப் பட்டையின் கடைசிப் படம் முதல் படத்தோடு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் டாங்கி விக்கல் எடுத்தபடி ஓடும்.

நிறமோ மொத்தமே 256. அதிலும் தொடக்கத்தில் உள்ள ஒரு பகுதி ஆடுபவரின் நாட்டு நிறத்துக்குப் போய்விடும். கடைசிப் பகுதி நிழலுக்கும் புகைக்கும். மிச்சத்தில்தான் துரு, சேறு, மறைப்பு வண்ணம் எல்லாம். இத்தனை நெருக்கடியிலும் இந்தக் கூட்டம் நிறத்தில் விட்டுக்கொடுக்காது. ஜெர்மன் டாங்கிகள் 1943 பிப்ரவரி வரை கருஞ்சாம்பல், அதன் பிறகே அடர்மஞ்சள். 1942-ல் லெனின்கிராட் பக்கம் முதன்முதலாகச் சண்டைக்கு வந்த டைகருக்கு மஞ்சள் பூசினால் யாராவது ஒருவர் பிடித்துவிடுவார்.

அளவில் மட்டும் எல்லோரும் பொய் சொல்கிறார்கள். சொல்லியே ஆக வேண்டும். டைகரின் உடல் ஆறு மீட்டருக்குச் சற்று அதிகம். திரையில் அதை 60 புள்ளி நீளத்துக்கு வரைந்தால், பேர்பெற்ற அந்த 88 மி.மீ. பீரங்கிக் குழல் ஒரு புள்ளி தடிமன்தான் வரும், கண்ணுக்கே தெரியாது. அதனால் குழலைப் பருமனாக்கி, சக்கரங்களைப் பெரிதாக்கி, சோவியத் டாங்கியான டி-34-ன் சரிந்த முகப்பை இன்னும் கொஞ்சம் சரிக்கிறார்கள். கேலிச்சித்திரக்காரர் மூக்கைப் பெரிதாக்குகிற அதே நியாயம்.

இனி விதி. அதைச் சொல்வதற்கு முன், இந்த விளையாட்டை ஆடியவர்கள் மறக்கவே முடியாத ஒரு சங்கதி உண்டு: ஈட்டிக்காரன் டாங்கியை வீழ்த்துவது. ஒவ்வொரு சுற்றிலும் வெற்றி வாய்ப்பு தாக்குதல் எண்ணுக்கும் தற்காப்பு எண்ணுக்கும் உள்ள விகிதப்படி விழுகிறது. ஈட்டிக்காரனின் தற்காப்பு 2. ஆகவே 18 பங்கில் டாங்கிக்கு 16, அவனுக்கு 2. இரு பக்கமும் மூன்று உயிர்ப்புள்ளி என்றால் முழுச் சண்டையையும் அவன் ஜெயிக்க நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. குன்றின் மேல் அரண் பிடித்து நின்றால் இன்னும் கூடும். இந்த எரிச்சல்தான் பலரை எடிட்டரைத் திறக்க வைத்தது என்று நினைக்கிறேன்.

திறந்ததும் முதலில் என்ன செய்வார்கள்? டைகரைச் செய்வார்கள். தாக்குதல் 24, தற்காப்பு 16 என்று அள்ளிக் கொடுப்பார்கள். அந்த எண்கள் அதே விளையாட்டின் பிற்காலத்து 'மாடர்ன் ஆர்மர்' யூனிட்டுக்கு உரியவை. விலையை மட்டும் சாதாரண டாங்கியின் 100 கேடயத்திலேயே (கேடயம் என்பது விளையாட்டின் உற்பத்தி அலகு) விட்டுவிடுவார்கள். விளைவு, ஜெர்மனி உலகை ஜெயித்துவிடும். நிஜத்தில் டைகர் 1 செய்யப்பட்டவை ஏறத்தாழ 1,350. ஷெர்மன் கிட்டத்தட்ட 50,000. சோவியத் ஆலைகள் டி-34-ன் செலவை 1941-லிருந்து 1943-க்குள் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தன. குழலின் நீளத்தையும் கவசத்தின் கனத்தையும் மில்லிமீட்டர் பிசகாமல் பார்க்கிறவர்கள், எடிட்டரில் சற்றுக் கீழே இருக்கிற விலைக் கட்டத்தைக் கவனிப்பதில்லை. கிழக்குப் போர்முனை அந்தக் கட்டத்தில்தான் முடிவானது.

கெட்டிக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2003-ல் வந்த 'கான்குவெஸ்ட்ஸ்' தொகுப்பில், ஒரு கட்டடம் இத்தனை முறைக்கு ஒரு யூனிட் தரும் என்று அமைக்கலாம். அதில் நைட்ஸ் டெம்ப்ளர் என்ற அதிசயம் ஐந்து முறைக்கு ஒரு சிலுவைப்போர் வீரனைத் தரும். அதே ஏற்பாட்டில் டைகரைக் காசு கொடுத்தோ கேடயம் கொடுத்தோ செய்ய முடியாதபடி பூட்டிவிட்டு, காசெல் நகரில் ஹென்ஷல் ஆலையை நிறுவி, அது எப்போதாவது ஒன்றை ஈன்றெடுக்கும்படி விடலாம். டைகர் நிஜமாகவே அந்த ஆலையில்தான் உருவானது.

டி-34 இன்னும் சிக்கலான கேஸ். 1941-ல் அதன் முகப்புக் கவசத்தில் ஜெர்மானியரின் 37 மி.மீ. குண்டுகள் பட்டுத் தெறித்தன. காகிதத்தில் அது அன்றைய உலகின் சிறந்த டாங்கி. ஆனால் மேலே சுழலும் டரட்டுக்குள் இரண்டே பேருக்குத்தான் இடம். தளபதியே குறிபார்த்துச் சுடவும் வேண்டும், சுற்றிலும் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ரேடியோவும் கிடையாது. எதிரே வந்த பான்சர் 3-ன் பீரங்கி சிறியது, கவசம் மெல்லியது. ஆனால் டரட்டில் மூன்று பேர், வண்டிக்கொரு ரேடியோ. மூன்று எண்களில் இதை எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. நான்காவதாக ஒரு கட்டம் இருக்கிறது: 'பிளிட்ஸ்'. அதில் டிக் அடித்தால் அந்த யூனிட் ஒரே முறையில் ஒன்றுக்கு மேல் தாக்கும். என் கணக்கில் 1941-ன் டி-34-க்கு எண்களைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு பிளிட்ஸைப் பிடுங்கிவிட வேண்டும். பான்சர் 3-க்கு எண்களைக் குறைத்து பிளிட்ஸைக் கொடுக்க வேண்டும். 1944-ல் மூவர் டரட்டோடு வந்த டி-34-85-க்கு இரண்டும் உண்டு.

ஐரோப்பாவை விட்டு இந்தப் பக்கம் வந்தால், டாங்கியைவிட மண் முக்கியமாகிவிடுகிறது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் வந்தபோது, இந்தியத் தரப்பு வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டது. பேட்டன்கள் சேற்றில் புதைந்தன. கரும்புக் காட்டுக்குள் செஞ்சுரியன்கள் காத்திருந்தன. ஜீப்பில் பூட்டிய பின்னுதைப்பில்லாத பீரங்கியோடு இந்தியப் படைவீரர் அப்துல் ஹமீது இருந்தார். இதை விளையாட்டாக்க விரும்புகிறவர் பேட்டனின் எண்களைக் குறைக்கவே கூடாது, அது அபத்தம். 'கான்குவெஸ்ட்ஸ்' சதுப்பு நிலம் என்று ஒரு புது நிலவகையைக் கொண்டுவந்தது. வரைபடத்தில் அதைப் போட்டால் போதும்.

எனக்குப் பிடித்தது காஷ்மீரின் ஜோஜி லா. 1948 நவம்பர் 1 அன்று, 3,500 மீட்டர் உயரத்துக் கணவாயில், இந்தியப் படையின் 7-வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் பனிக்கு நடுவே மேலேறிப் போயின. 37 மி.மீ. பீரங்கி கொண்ட ஸ்டூவர்ட் ஐரோப்பாவில் அப்போது பழைய சரக்கு. ஆனால் எதிரே இருந்த பாகிஸ்தான் தரப்பினர் அங்கே டாங்கியைக் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. அதைத் தடுக்கும் ஆயுதமும் அவர்களிடம் இல்லை. கோவேறு கழுதைகள் போகிற ஒற்றையடிப் பாதையை டாங்கி போகும் தடமாக்கிக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ், படையில் 'தம்பிகள்' என்று பெயரெடுத்த பொறியாளர்கள். எடிட்டரில் 'சக்கர வாகனம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் அடித்த யூனிட் மலைக்குள் நுழையாது. தொழிலாளி யூனிட் போய்ச் சாலை போட்டுக் கொடுத்தால் மட்டும் நுழையும். அந்த விதியை எழுதியவர்கள் ஜோஜி லாவைக் கேள்விப்பட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். விதி என்னவோ அச்சு அசலாகப் பொருந்துகிறது.

இன்னொன்றும் பாக்கி. அந்த ஸ்டூவர்ட்களின் டரட்டைக் கழற்றித்தான் ரகசியமாகக் கொண்டுபோனார்கள். ரகசியத்துக்கு எண் கிடையாது. ஆனால் நீர்மூழ்கிக் கப்பலுக்காக வைத்திருக்கும் 'கண்ணுக்குப் புலப்படாது' என்ற கட்டம் இருக்கிறது. தாக்குதல் 0, புலப்படாது என்று டரட் இல்லாத ஸ்டூவர்ட் ஒன்றைச் செய்ய வேண்டும். கணவாய்க்குக் கீழே பால்டாலில் ஓர் ஊரை வைத்து, அதில் படைமுகாமைக் கட்ட வேண்டும். வந்து சேர்ந்த ஸ்டூவர்ட்டை அங்கே கொஞ்சம் தங்கம் செலவழித்துத் தரம் உயர்த்தினால், டரட்டும் பீரங்கியுமாக வெளியே வரும். தாக்குதல் 8 கொடுத்தாலே தாராளம்.