கோப்பின் தேதியை எழுதியது யார்? பீமா கோரேகாவ் வழக்கும் கணினிச் சான்றுகளும்

ஒரு செயற்பாட்டாளரின் மடிக்கணினியைக் காவல் துறை கைப்பற்றிச் செல்கிறது. சில மாதங்கள் கழித்துக் குற்றப்பத்திரிகையோடு ஒரு பட்டியல் வருகிறது: கோப்பின் பெயர், உருவாக்கப்பட்ட நாள், கடைசியாகத் திருத்தப்பட்ட நாள். தாளில் அச்சாகி முத்திரையோடு வருவதால், பத்திரப்பதிவு அலுவலகத்தின் நாளைப் போலவே இதுவும் உறுதியானது என்று பலரும் கருதிவிடுகின்றனர். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி நீதிமன்றங்களுக்குச் செல்லும் எங்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. தேசியப் புலனாய்வு முகமையின் வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றமும் அதே பூந்தமல்லியில்தான் உள்ளது.

விண்டோஸ் கணினியில் ஒரு கோப்பின் மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால் மூன்று நாள்கள் தெரியும்: உருவாக்கியது, திருத்தியது, அணுகியது. அவற்றின் கீழே 'ரீட் ஒன்லி', 'ஹிடன்' என இரு கட்டங்கள் இருக்கும். முன்னது கோப்பைத் திருத்தவிடாமல் தடுப்பது. பின்னது கோப்பை வழக்கமான பார்வையிலிருந்து மறைப்பது. இந்த நாள்களைக் கணினி தன் சொந்தக் கடிகாரத்தைப் பார்த்தே எழுதுகிறது. கடிகாரம் பிழையானால் நாளும் பிழையே. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு நாளும் 1601 ஜனவரி 1 முதல் எண்ணப்பட்ட ஓர் எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. எண்ணை மாற்றினால் நாள் மாறிவிடும். விண்டோஸில் 'பவர்ஷெல்' வழியாக ஒரே வரிக் கட்டளையாலும், லினக்ஸில் 'டச்' என்ற கட்டளையாலும் எந்தக் கோப்பையும் பத்தாண்டுப் பழையதாகக் காட்ட முடியும். அதற்குச் சில நொடிகள் போதும். மாற்றியதற்கான குறிப்பு எதுவும் அந்தப் பிராப்பர்ட்டீஸ் பக்கத்தில் தோன்றாது.

தீய நோக்கமின்றியும் நாள்கள் மாறுகின்றன. கைப்பேசியில் எடுத்த காணொளியைக் கணினிக்கும், கணினியிலிருந்து பென்டிரைவுக்கும் நகலெடுத்தால், புதிய நகலின் 'உருவாக்கிய நாள்' நகலெடுத்த நாளாகிவிடும். 'திருத்திய நாள்' பழையபடியே நிற்கும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்டது போன்ற இந்தத் தோற்றத்தைக் காட்டி, "சம்பவத்துக்குப் பின் தயாரித்த காணொளி" என்று வன்கொடுமை வழக்கின் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வாதிட முடியும். நகலெடுக்கும்போது நிகழ்வது என்னவென்று தெரியாத சாட்சி அங்கே தடுமாறிப் போவார்.

இந்தச் சிறிய எண்கள் மனிதர்களின் ஆண்டுகளைத் தின்ற வழக்கு ஒன்று உண்டு. 1818 ஜனவரி 1 அன்று நடந்த பீமா கோரேகாவ் போரின் 200ஆம் ஆண்டு நினைவுக்குத் திரண்ட தலித் மக்கள் மீது 2018 ஜனவரி 1 அன்று வன்முறை ஏவப்பட்டது. அதற்கு முந்தைய நாள் புனேயில் நடந்த எல்கார் பரிஷத் மாநாட்டை முன்வைத்துத் தொடங்கிய வழக்கில், 2018 ஏப்ரல் 17 அன்று டெல்லியில் ரோனா வில்சனின் வீடு சோதனையிடப்பட்டது; ஜூன் 6 அன்று அவர் கைதானார். தலித் வழக்குரைஞர் சுரேந்திர காட்லிங்கும் அதே நாளில் கைதானார். வில்சனின் மடிக்கணினியில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்களே அரசுத் தரப்பின் முதுகெலும்பு.

நீதிமன்றத்தின் வழியாகப் பெற்ற வன்தட்டு நகலை வில்சனின் வழக்குரைஞர்கள் அமெரிக்காவின் அர்சினல் கன்சல்டிங் நிறுவனத்துக்கு அனுப்பினர். 2021 பிப்ரவரியில் வெளியான அதன் முதல் அறிக்கையின்படி, 2016 ஜூன் 13 அன்று வந்த மின்னஞ்சல் ஒன்றின் வழியே 'நெட்வயர்' என்ற உளவு மென்பொருள் அக்கணினியில் நுழைந்தது. 22 மாதங்களுக்கும் மேலாக அது வேற்றாரின் கட்டுப்பாட்டில் இருந்தது. அவர்கள் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்கு 'மறைந்தது' என்ற பண்பைக் கொடுத்து, முக்கியமான பத்துக் கடிதங்களையும் அதற்குள் இட்டனர். நாம் மேலே கண்ட அதே 'ஹிடன்' கட்டம்தான். அக்கோப்புறையில் கடைசி மாற்றம் நிகழ்ந்தது 2018 ஏப்ரல் 16 மாலை 4.50 மணிக்கு, மறுநாள் காலை சோதனை.

கோப்புகளின் நாள்களை மட்டும் பார்த்திருந்தால் இவை எவையும் வெளிப்பட்டிருக்கா. அக்கடிதங்கள் அக்கணினியில் ஒருமுறையேனும் திறக்கப்பட்டதற்குத் தடயமே இல்லை என்று அறிக்கை கூறியது. சில கடிதங்கள் வேர்டு 2010 அல்லது 2013 பதிப்பில் பிடிஎஃப் ஆக்கப்பட்டவை. வில்சனின் கணினியிலோ இருந்தது வேர்டு 2007. கோப்பின் நாளை மாற்றுவது எளிது. கணினி தன் இயக்கத்தின்போது நூறு இடங்களில் எழுதி வைக்கும் குறிப்புகள் அனைத்தையும் அதற்கு இசைவாக மாற்றுவது மிகக் கடினம். என்டிஎஃப்எஸ் முறையே ஒரு கோப்புக்கு இரண்டு தொகுதி நாள்களை வைத்திருக்கிறது. பிராப்பர்ட்டீஸ் காட்டுவது முதல் தொகுதியை. மாற்றும் கருவிகள் பெரும்பாலும் அதைத்தான் தொடுகின்றன. இரண்டும் முரண்படும் இடத்தில் வல்லுநரின் கேள்வி தொடங்குகிறது.

காட்லிங்கின் கணினியிலும் இவ்வாறே கோப்புகள் இடப்பட்டன என்று அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடியினருடன் வாழ்ந்த அருட்தந்தை ஸ்டேன் சுவாமியின் கணினி பற்றிய அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. அவர் 2021 ஜூலை 5 அன்றே, 84 வயதில், விசாரணைக் கைதியாக இறந்துபோயிருந்தார். தேசியப் புலனாய்வு முகமை இவ்வறிக்கைகளை ஏற்கவில்லை. இவற்றின் உண்மை விசாரணையில்தான் சோதிக்கப்பட வேண்டும். அந்த விசாரணைதான் தொடங்கவேயில்லை. 2025 ஜனவரி 8 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் வில்சனுக்கும் சுதிர் தாவ்லேவுக்கும் பிணை வழங்கியபோது, ஆறரை ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்தன, குற்றச்சாட்டுகள்கூட வனையப்படவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு இரு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. அதில் 'ஹாஷ்' மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் நீண்ட குறியீடு. ஓர் எழுத்து மாறினாலும் அது முற்றிலும் வேறாகும். ஆனால் கோப்பின் பெயரையோ நாளையோ மாற்றினால் ஹாஷ் மாறாது. ஆகவே தனிக் கோப்பின் ஹாஷ் சரியாக இருக்கிறது என்பது அதன் நாள் சரி என்பதற்குச் சான்றாகாது. முழு வன்தட்டின் பிம்பத்துக்கு, கைப்பற்றிய இடத்திலேயே, ஹாஷ் எடுத்திருக்க வேண்டும். சோதனையையும் கைப்பற்றுதலையும் காணொளியாகப் பதிவு செய்யுமாறு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு கூறுகிறது. அந்தக் காணொளியையும் ஹாஷையும் கேட்டு வாங்குவது எதிரிகளின் வழக்குரைஞருடைய முதல் வேலை.

சான்றிதழின் இரண்டாம் பகுதியில் வல்லுநர் கையொப்பமிட வேண்டும். சேரியிலிருந்து கைப்பேசியோடு வரும் புகார்தாரர் அந்த வல்லுநரை எங்கே தேடுவார்? இச்சட்டத்தை எழுதியோர் அதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், அசல் கருவியின் உரிமையாளரே சாட்சிக் கூண்டில் ஏறி அதை ஒப்படைத்தால் சான்றிதழ் தேவையில்லை என்று பழைய சட்டத்தின்கீழ் கூறியது. எனவே கூவம் கரையில் வீடுகள் இடிக்கப்படும்போதோ, ஊரில் பாதை மறிக்கப்படும்போதோ படம் எடுத்த மாணவர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது இவை: அந்தக் கைப்பேசியை விற்காதீர்கள், பழைய நிலைக்குத் திருப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, எடுத்த நேரக் குறிப்பும் நீங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். அன்றே கணினியில் 'செர்ட்யூட்டில்' கட்டளையால் ஹாஷ் எடுத்து, அதைப் புகார் மனுவிலேயே எழுதிப் பெறுகைச் சீட்டு வாங்குங்கள். கடிகாரப் பிழையால் நாள் தவறாகப் பதிந்திருந்தாலும் அதைக் கருவி கொண்டு "சரி" செய்யாதீர்கள். பிழையைப் பிழையாகவே சாட்சியத்தில் விளக்கலாம். திருத்தினால், பொய்ச் சான்று புனைந்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவு உங்கள் மீதே திரும்பக்கூடும்.

கைதானவரின் தரப்பில் நிற்போர், அச்சிட்ட பட்டியலோடு நிறைவடையாமல் வன்தட்டின் முழு நகலைக் கோர வேண்டும். மெமரி கார்டின் உள்ளடக்கமும் ஆவணமே, எதிரிக்கு அதன் நகல் பெறும் உரிமை உண்டு என்று 2019இல் கோபாலகிருஷ்ணன் என்கிற திலீப் எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கம் கருதி அவ்வழக்கில் மட்டும் பார்வையிட அனுமதித்து நகலை மறுத்தது. அந்த விதிவிலக்கைக் காட்டி எல்லா வழக்கிலும் நகலை மறுக்க முற்படுவார்கள். தீர்ப்பின் பொது விதியைப் படித்துக்காட்டி, சன்ஹிதாவின் 230ஆம் பிரிவின்கீழ் எழுத்து மனுவாகவே தாக்கல் செய்யுங்கள்.