கம்ப்யூட்டரை அணைக்க யார் சொல்லித் தருவது?

புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குச் சற்றுத் தள்ளி அக்கா வீடு. இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பெயின்ட்டில் விசைப்படகு ஒன்று வரைந்தாள். நீலக் கடல், சிவப்புப் படகு, உச்சியில் கொடிகூட உண்டு. சாப்பிடக் கூப்பிட்டதும் எழுந்துபோய்ச் சுவர் சுவிட்சைத் தட்டினாள். யு.பி.எஸ். 'பீப் பீப்' என்று கத்தியது. சத்தம் பிடிக்காமல் அதன் பொத்தானையும் அமுக்கினாள். திரை இருண்டது. சாப்பிட்டு வந்து மறுபடி போட்டுப் பார்த்தால் படத்தைக் காணோம். "மாமா, என் போட்டு எங்கே?"

அவளைத் திட்ட நியாயமில்லை. எப்படிப் போடுவது என்று வீட்டில் நாலு பேர் சொல்லிக் கொடுத்தோம். எப்படி நிறுத்துவது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போடுவதற்கு உண்மையில் வாத்தியாரே வேண்டாம். 1999 ஜனவரியில் தில்லி கல்காஜியில், குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டுக் கணினி ஒன்றை வைத்தார் சுகதா மித்ரா என்ற ஆய்வாளர். யாரும் கற்றுத் தராமலே பிள்ளைகள் அதில் புகுந்து விளையாடினார்கள். பிறகு காளிக்குப்பம் என்ற ஊரில், 10 முதல் 14 வயது வரையிலான தமிழ்ப் பிள்ளைகள் அதே மாதிரிக் கணினியில் மூலக்கூறு உயிரியல்வரை எட்டிப் பார்த்ததாக 2010இல் அவரும் ரிது டங்வாலும் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். முடிவுகள் பற்றி வாதம் உண்டு, அது இருக்கட்டும். எனக்குப் பட்டது வேறு: கல்காஜியில் பெட்டி சுவருக்குப் பின்னால் இருந்தது. அணைக்கிற வேலை அந்தப் பிள்ளைகள் கைக்கு வரவேயில்லை. திறந்தால் படம் வரும், பாட்டு வரும். தானே தேடிப் போவார்கள். மூடினால் என்ன வரும்?

ஆகவே அணைப்பதைச் சொல்லித்தான் தர வேண்டும். காரணத்தோடு சொன்னால் ஆறு வயதுக்கும் புரிகிறது.

வரைந்துகொண்டிருக்கும் படம் இருப்பது 'ரேம்' என்ற தற்காலிக நினைவகத்தில். அது சிலேட்டு மாதிரி; கரண்ட் போனால் அழிந்துவிடும். 'சேவ்' கொடுத்தால்தான் நோட்டில் ஏறும். அதிலும் ஒரு சங்கதி உண்டு. சேவ் ஆனதாகத் திரையில் தெரிந்த பிறகும், வேகத்துக்காகக் கணினி சிலவற்றைக் கொஞ்ச நேரம் சிலேட்டிலேயே வைத்திருக்கும். 'ஷட் டவுன்' கொடுக்கும்போது மிச்சம் மீதியை எழுதி முடித்து, எந்தக் கோப்பு எங்கே என்ற கணக்கையும் நேர் செய்கிறது. அக்கா மகளுக்கு நான் துறைமுகத்தைத்தான் காட்டினேன்: கரைக்கு வந்த படகில் கயிறு கட்டுவதற்கு முன்னால் யாராவது எஞ்சினை நிறுத்துவார்களா?

பழைய கணினிகளில் இந்தக் காத்திருப்பு கண்ணுக்குத் தெரிந்தது. விண்டோஸ் 95இல் ஷட் டவுன் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்; கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் 'இனி அணைக்கலாம்' என்று அறிவிப்பு வந்த பிறகே பொத்தானைத் தொடலாம். இன்றைய கணினி தானாகவே அணைந்துவிடுவதால் அந்தப் பாடம் மறைந்துபோயிற்று.

இதற்காகப் பிள்ளையை மிரட்டாதீர்கள். 'வெடிச்சிடும்', 'மொத்தமும் போயிடும்' என்பதெல்லாம் வேண்டாத பேச்சு. ஹார்ட் டிஸ்க்கில் தகட்டின் மேல் மிதக்கும் முனைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி, தலைமுடிக் கனத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் திடீரென்று கரண்ட் போனால், சுழலும் தகட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து அந்த முனை ஒதுங்கிக்கொள்ளும். ஒரு தடவை தவறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தினமும் அப்படியே செய்தால் என்றைக்காவது கோப்பு கெடும். பவர் பொத்தானை நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்து அணைப்பது, கணினி முழுக்க உறைந்து நின்றால் மட்டும்.

வரிசை இதுதான்: சேவ் செய்து, திறந்ததை எல்லாம் மூடி, ஷட் டவுன் கொடுத்து, பெட்டியின் விளக்கும் விசிறிச் சத்தமும் நிற்கும்வரை காத்திருப்பது. பிறகு மானிட்டர், யு.பி.எஸ்., கடைசியில் சுவர் சுவிட்ச். சுவரை மட்டும் அணைத்தால் யு.பி.எஸ். பேட்டரியில் ஓடிக்கொண்டேயிருக்கும், உள்ளே 230 வோல்ட் உயிரோடு இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு விசிறி நிற்பதோடு வேலை முடிந்தது. பிளக், சுவிட்ச் பக்கம் பெரியவர்கள் கை போகட்டும். கடற்கரை வீடுகளில் உப்புக் காற்று பட்டு பிளக் முள்ளில் பச்சை பூத்திருக்கும். ஈரக் கையோடு ஒயரைப் பிடித்து இழுக்கிற பிள்ளையை ஒரு நாளாவது பார்த்திருப்பீர்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதும் ஊர் இருண்டதும் புதுச்சேரிக்காரர்களுக்கு மறக்காது. கரண்ட் போனதும் யு.பி.எஸ். தருகிற சில நிமிஷங்கள் ஆட்டத்தை முடிக்க அல்ல, அணைப்பதற்கு. பீப் கேட்டால் சேவ். இதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

மாமா வீட்டிலோ பிரவுசிங் சென்டரிலோ என்றால் இன்னொரு படி உண்டு. அம்மாவின் ஜிமெயிலில் நுழைந்து வீட்டுப்பாடம் எடுத்த பிள்ளை, உலாவியை மூடினால் மட்டும் போதாது. 'சைன் அவுட்' கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்து உட்காருபவர் கையில் அம்மாவின் கடிதப் பெட்டி.

நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். ஆசிரியர் வந்து மெயினை ஒரே தட்டில் இறக்கினார். வருஷம் முழுக்க அப்படித்தானாம். ஆசிரியர்களே, மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் பாடத்தை நிறுத்துங்கள். அணைக்கிற வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.