மரத்தில் பூத்த தாமரை

எந்த ஊரில் குடியேறினாலும் செண்பகத்தை நாம் மணத்தால் அறிந்துகொள்வோம். அதன் உறவினமான மக்னோலியா மரங்களுள் வெண்மலருடைய ஒன்றைச் சீனர் 'யூலான்' என்பர். 'யூ' பச்சைமணிக்கல், 'லான்' ஆர்க்கிட் மலர். ஜப்பானில் வழங்கும் 'மொகுரென்' என்பதற்கு மரத்தாமரை என்று பொருள். இதழ்களின் அமைப்பை நோக்கின், தாமரையே பொருத்தமெனத் தோன்றுகிறது.

'கொபுஷி' என்பதோ மூடிய கைமுட்டி. அரும்பின் வடிவால் வந்ததென்பர் சிலர், காயின் வடிவால் என்பர் வேறு சிலர். இம்மரத்துக்கு ஜப்பானியர் எழுதும் இரண்டு எழுத்துகளைச் சீனர் 'ஷின்யி' என வாசிப்பர். அங்கே அவை மூக்கடைப்புக்கு மருந்தாகும் வேறு மக்னோலியாக்களின் அரும்பைக் குறிக்கும். ஆதலால் பழைய மருந்து நூலைப் பயில்வோர், அது எந்நாட்டில் எழுதப்பட்டது என்பதை முதலில் காணவேண்டும்.