உங்களுக்குத் தெரியுமா? மலையேறினால் மீன் தொட்டியும் சுருங்கும்!

1990-களில் மலேசியாவிலேயே கலப்பினமாக உருவாக்கப்பட்டு, நெற்றிப் புடைப்பினால் கீர்த்தி பெற்ற ஃபிளவர்ஹார்ன் மீனையோ, அமேசான் நதிப் பிரதேசத்து ஆஸ்காரையோ கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வீடொன்றில் வளர்க்க விரும்புகிறவர், அங்குல மீனுக்கு ஒரு காலன் ஜலம் என்னும் பழைய சூத்திரத்தை நம்புவாராயின் ஏமாந்தே போவார். நீளம் இரு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிற நியதிப்படி, 30 சென்டிமீட்டர் ஆஸ்கார் ஒன்று, அதே உருவமைப்புள்ள 3 சென்டிமீட்டர்க் குஞ்சுகள் பத்துக்கல்ல, ஆயிரத்துக்கு நிகராகும்!

இதனினும் சூட்சுமமானது மலையின் உயரம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவாகையால், ஜலத்தில் கரையும் பிராணவாயுவும் அதே விகிதத்தில் குறைகிறது. குளிர்ந்த நீரில் பிராணவாயு மிகுதியாகக் கரையும் என்பது மெய்யே. ஆனால் இவ்வுஷ்ணப் பிரதேச மீன்களுக்காக மின்சூடேற்றி வைத்து நீரை 27 பாகை செல்சியஸுக்கு உயர்த்துகிறபோது, அந்த அனுகூலமும் போய்விடுகிறது. ஆதலால் காற்றுப் பம்பு இங்கே அலங்காரமல்ல, அவசியம்.

நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டி சுமார் 255 லிட்டர் கொள்ளும். அதில் ஃபிளவர்ஹார்ன் ஒன்றே ஒன்று போதும். பிராணவாயு தாராளமாயிருந்தாலும், எல்லைக்காகப் போரிடும் அதன் சுபாவம் இரண்டாவது மீனைச் சகிப்பது அரிது. இரண்டு ஆஸ்கார்களுக்கோ ஆறடித் தொட்டி வேண்டும். தோட்டத்து வீட்டுக் கூடத்தில் அதற்கு இடம் உண்டா என்பதை வீட்டு அம்மாளிடந்தான் கேட்க வேண்டும்.