இணையவழி மென்பொருள்: சிறு விவசாயிக்கு என்ன நன்மை?

கணக்கு எழுதவும் ஆவணம் பார்க்கவும் இரண்டு வகை மென்பொருள்கள் உள்ளன. ஒன்று, ஒரு கணினியில் பதியப்பட்டு அதில் மட்டும் இயங்குவது. மற்றது, எங்கோ உள்ள மையக் கணினியிலிருந்து இணையம் வழியாக இயங்குவது. முன்னது வீட்டுக் குதிரில் கொட்டிய நெல் போன்றது. எலி புகுந்தால் நஷ்டம் நம்முடையதே. பின்னது பொதுக் கிடங்கில் ரசீது பெற்று வைத்த நெல் போன்றது.

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தையே எடுத்துக்கொள்வோம். மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் தெரிந்தால் பட்டா விவரத்தைக் கைபேசியிலேயே பார்க்கலாம். இதனால் ஏற்படும் நன்மைகள்:

1. தனியாக மென்பொருள் வாங்கிப் பதிய வேண்டியதில்லை. சாதாரணக் கைபேசி இணையமே போதும். இல்லாதவர்கள் இ-சேவை மையத்தை அணுகலாம்.

2. கைபேசி தொலைந்தாலும் ஆவணம் தொலையாது.

3. மையத்தில் ஒரு திருத்தம் செய்தால், பார்க்கும் அனைவருக்கும் அதுவே தெரியும்.

4. அச்சிட்ட நகலிலுள்ள குறிப்பு எண்ணைக் கொண்டு, அது உண்மையானதா என்று வங்கியோ நிலம் வாங்குபவரோ சரிபார்க்கலாம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் இம்முறை வருகிறது. சங்கத்துக்குச் சங்கம் வெவ்வேறு மென்பொருள் இருந்த நிலையை மாற்ற, சுமார் 63,000 சங்கங்களைப் பொது மென்பொருளில் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது.

குறைகளும் உண்டு. இணையத் தொடர்பு இல்லாத வேளையில் எதையும் பார்க்க இயலாது. ஆகவே அச்சு நகல் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது நலம். கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணைத் தொலைபேசியில் கேட்பவர் எவருக்கும் சொல்லக் கூடாது.

பயிர்க்கடனுக்கு விண்ணப்பிக்குமுன் பட்டாவில் பெயர், புல எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவற்றைச் சரிபாருங்கள். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏக்கர் என்பது சுமார் 40.5 ஏர். இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே பட்டா இருந்தால், கடன் கேட்கும் நாள் வரை காத்திராமல் இப்போதே பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்யுங்கள். பிழையை முன்கூட்டியே கண்டுகொள்ள முடிவதுதான் இம்முறையில் விவசாயிக்குக் கிடைக்கும் பெரும் பயன்.