இருதயச் சிகிச்சைக்குப் பின் வரும் வயிற்றுக் கோளாறு

இருதயம் தாறுமாறாகத் துடிப்பதைச் சீராக்க 'அப்லேஷன்' என்னும் சிகிச்சை பெற்றவர்களுள் சிலருக்கு, வீடு திரும்பியபின் வயிறு ஊதுகிறது, இரண்டு வாய் சோற்றிலேயே நிறைந்துவிடுகிறது, ஓங்காளம் வருகிறது. இருதயத்துக்குச் செய்த வைத்தியம் வயிற்றை ஏன் தாக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே.

இதில் நெஞ்சைத் திறப்பதில்லை. தொடை இடுக்கிலுள்ள நாளத்தினூடாக மெல்லிய குழாயைச் செலுத்தி, தவறான மின்துடிப்பு புறப்படும் இடத்தைச் சூட்டினாலோ கடுங்குளிரினாலோ செயலிழக்கச் செய்கின்றனர். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இச்சிகிச்சை உண்டு. வயதானோரிடம் கூடுதலாகக் காணப்படும் 'ஏற்றியல் பிப்ரிலேஷன்' என்ற துடிப்புக் கோளாறு, நுரையீரலிலிருந்து குருதி வரும் நாளங்களின் வாயிலில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது என்பதை 1998இல் பிரான்சின் போர்தோ நகர வைத்தியர் மிஷேல் ஹைசாகேர் குழுவினர் காட்டினர். அந்த வாயில்கள் இடது சோணையறையின் பின்பக்கத்தில் உள்ளன. அப்பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் இறங்குகிறது; இடைவெளி சில மில்லிமீற்றர்தான். இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பும் அதனைத் தழுவிச் செல்கிறது. அடுப்பெரியும்போது சுவரின் மறுபக்கமும் சுடுவதில்லையா? அதுபோலத்தான்.

நரம்பு சூடுபட்டால் இரைப்பை மந்தமாகிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் இது தானாகவே சரியாகும். அதுவரை சிறிது சிறிதாகப் பல தடவை உண்பது நல்லது. கஞ்சி, குழைந்த சோறு ஏற்றவை. எண்ணெய்ப் பண்டங்களையும் பலாக்காயையும் தள்ளி வைக்கலாம். உணவுக்குழாய்ப் புண் ஆறுவதற்காக வைத்தியர் தரும் ஒமெப்ரசோல் போன்ற குளிசையை இடையில் நிறுத்தலாகாது. குருதி உறையாதிருக்கத் தரும் குளிசையும் அவ்வாறே. ஆனால் மலம் கருமையாகப் போனால் உள்ளே குருதி கசிகிறது என்று கொண்டு உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. மிக அரிதாக, ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக, உணவுக்குழாய்ப் புண் ஆழமாகி இருதயம் வரை துளை விழுகிறது. அதுவும் உடனே அல்ல. ஒரு வாரம் முதல் இரண்டு மாதத்துக்குள். காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, குருதிச் சத்தி, கைகால் வழங்காமை, பேச்சுக் குழறல் என்பன இதன் அடையாளங்கள். எல்லாம் சேர்ந்து வராது; வெறும் காய்ச்சலோடும் தொடங்கலாம். இதைக் 'கேஸ்ட்ரிக்' என்று இஞ்சித் தேநீரும் பெனடோலும் கொடுத்து நாள் கடத்தினால் உயிர் போகும். உடனடிச் சத்திரசிகிச்சை இன்றிப் பிழைப்பது மிக அரிது. தொண்டை வழியாகக் குழாய்விட்டுப் பார்க்கும் எண்டொஸ்கொபி இங்கு ஆபத்தானது. உள்ளே செலுத்தும் காற்று துளையினூடாக மூளைக்குப் போகக்கூடும். முதலில் நெஞ்சுக்கு சீ.ரி. ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இங்கேதான் சிக்கல். மொறகஹகந்த நீர்த்தேக்கத்துக்காக எழும்பியவர்களோ, 2025 நவம்பர் டிட்வா புயலில் வீடிழந்தவர்களோ, பழைய கிளினிக்கை விட்டுப் புதிய இடத்தில் மருந்தெடுக்க நேர்கிறது. காய்ச்சலென்று வருபவருக்கு மூன்று வாரத்துக்கு முன் கொழும்பில் என்ன செய்தார்கள் என்பது அங்குள்ள வைத்தியருக்கு எப்படித் தெரியும்? நோய் நிர்ணய அட்டையின் பிரதியொன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள். அட்டை தொலைந்தாலும் 'அப்லேஷன் செய்தது' என்ற சொல்லையும் திகதியையும் வீட்டிலுள்ள பிள்ளையாவது சொல்லத் தெரிந்திருக்கட்டும். இரவானாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும், கட்டணம் இல்லை.